பொலிகண்டி வீட்டில் விழுந்த நிழல்

போன மாதம் எங்கள் ஒளிபரப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த தொழில்நுட்ப உதவியாளர்களுக்கு ஒரு மணி நேரம் பேசும்படி கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து பேர். எல்லாரும் டிஜிற்றலில் படித்து வந்தவர்கள். பழைய அளவீட்டுப் படிவம் ஒன்றை அவர்களுக்குக் காட்டியபோது ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"மிஸ், உதிலை 'நிழல்' எண்டு ஒரு கட்டம் கிடக்கு. அது என்ன?"

அவள் தன் வாழ்நாளில் ஒரு நிழலையும் திரையில் கண்டதில்லை.

சொல்லிக் கொடுத்தேன். கோபுரத்திலிருந்து வரும் அலை அன்ரனாவுக்கு நேராகவும் வரும். வழியில் ஒரு பெரிய கட்டடத்திலோ இரும்பிலோ பட்டுத் திரும்பியும் வரும். திரும்பி வருவது கொஞ்சம் பிந்தும். அனலொக் ரிவியில் அந்தப் பிந்தல், உண்மையான உருவத்துக்கு வலப்பக்கமாகத் தள்ளி, இன்னொரு மங்கலான உருவமாக விழும். செய்தி வாசிப்பவர் இரண்டு பேராகத் தெரிவார். நாங்கள் அதைக் கோஸ்ட் என்போம். வீட்டுக்காரர் நிழல் என்பார்கள். டிஜிற்றல் பெட்டி பிந்தி வரும் அலையைத் தனக்குள்ளேயே சரிப்படுத்திவிடும். படம் ஒன்றுதான், துப்புரவாக இருக்கும். அலை ஓர் எல்லைக்குக் கீழே போனால் படம் கட்டங்கட்டமாக உடைந்து, உறைந்து, இல்லாமல் போகும். அந்த எல்லைக்கு மேலே இருக்கும்வரை எந்தக் குறையும் கண்ணுக்குப் படாது.

பிள்ளைகள் எழுதிக் கொண்டார்கள். பொலிகண்டி வீட்டைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் உடுப்பிட்டியில் பிறந்தவள். கணிதம் படித்துவிட்டு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் ஈயம் உருக்கி வயர் ஒட்டுவதிலும், கூரைக்கு ஏணி பிடிப்பதிலும் போயின. பிறகு ஏணியில் நானே ஏறினேன். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். ஒரு மழைகாலம் கழிந்தபின் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என் வேலை ஒன்றுதான். குடாநாட்டில் எந்த வீட்டில் படம் எப்படி விழுகிறது என்று போய்ப் பார்த்து எழுதுவது.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் குணநாயகம் சேர். மெலிந்த மனிதர், மெல்லிய குரல். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில், "நீங்கள் எந்தக் கதிரையிலை இருந்து பாக்கிறனீங்கள்?" என்று கேட்பார். அதே கதிரையில் போய் இருப்பார். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கொள்வார். திறந்து திரையைப் பார்ப்பார். எழுதி முடியும்வரை தேத்தண்ணி தொடமாட்டார்.

படிவத்தில் ஐந்து படிகள். ஐந்து என்றால் குறை எதுவும் தெரியவில்லை. நான்கு, தெரிகிறது, தொந்தரவில்லை. அப்படியே இறங்கி, ஒன்று என்றால் பார்க்கவே முடியாது. நிழல் இருந்தால் சேர் ஒரு மர அடிமட்டத்தைத் திரையின்மேல் வைத்து, உண்மை மூக்குக்கும் நிழல் மூக்குக்கும் எவ்வளவு தூரம் என்று அளப்பார். அந்த அளவிலிருந்து, அலை எங்கே பட்டுத் திரும்புகிறது என்பதைக் கணக்கிடலாம். சாதாரண இருபத்தோரு அங்குல ரிவியில், அன்ரனாவுக்குப் பின்னால் கோபுரமும் முன்னால் பொருளும் இருந்தால், ஒரு சென்ரிமீற்றர் கிட்டத்தட்ட இருநூறு மீற்றர். இணுவிலில் ஒரு வீட்டு நிழலை இப்படி அளந்துகொண்டு போய், புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தாங்கியின் முன்னால் சைக்கிளை நிறுத்தியிருக்கிறோம்.

"நல்ல படம், கூடாத படம் எண்டு எழுதாதையும், மகேஸ்வரி," என்பார். "என்ன தெரியுதோ அதை எழுதும்."

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் டிஜிற்றல் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. பழைய ஒளிபரப்பும் கூடவே ஓடியது. இருபது வீடுகளைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய பழைய ரிவிக்குப் பக்கத்தில் இன்னொரு ரிவியையும் டிஜிற்றல் பெட்டியையும் வைத்தோம். ஒரே அன்ரனா, ஒரே நிகழ்ச்சி, இரண்டு திரை. கிழமைக்கு ஒரு தரம் போய் இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டும்.

அதில் ஒரு வீடு பொலிகண்டியில், கடற்கரை ஓரமாக. செல்வராணி என்ற பெண்ணும் அவளுடைய புருஷன் யோகனும் இருந்தார்கள். யோகனுக்குச் சொந்தமாக ஒரு படகு. அந்தக் கரையில் இருந்த பதினொரு படகுகளும் அவன் சொல்லுக்குத்தான் இறங்கும், ஏறும். கோபுரம் வீட்டுக்குத் தெற்கே இருந்தது. அன்ரனாவோ வடக்கே கடலைப் பார்த்து நின்றது. யோகன் முந்தி இந்தியச் சானல்கள் எடுப்பதற்காகத் திருப்பி வைத்தது. அப்படியே விடச் சொன்னார் சேர். வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்த வீட்டுக்குள் போவது எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். டிஜிற்றல் பெட்டி அலையை அவிழ்த்துப் படமாக்க இரண்டு விநாடி எடுக்கும். அதனால் எந்த வார்த்தையும் அந்த அறையில் இரண்டு தரம் கேட்கும். பழைய ரிவி "வடக்குக் கடலில் பலத்த காற்று" என்று சொல்லும். அடுத்த திரையில் அதே பெண் அதே முகத்தோடு, வாயைத் திறந்து, அதையே சொல்லுவாள். செல்வராணி பழகிவிட்டாள். "ஒருத்தி சொல்லுறதை மற்றவள் ஆமெண்டுறாள் அக்கா," என்பாள்.

கார்த்திகை மழை. நான்கு நாளாகத் தூறலும், மூடுபனி மாதிரிப் புகாரும். கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை நான் தனியாகப் பொலிகண்டிக்குப் போனேன். டிஜிற்றல் திரை கண்ணாடி மாதிரி. ஐந்து போட்டேன். பழைய ரிவியில் செய்தி வாசிப்பவளுக்கு வலப்பக்கம் ஒரு நிழல். போன கிழமை அது இல்லை.

"இது எப்ப வந்தது?"

"நேற்றுப் பின்னேரம். அக்கா, மூண்டு பேர் நியூஸ் வாசிக்கினம் பாருங்கோ."

எனக்கு இரண்டு பேர்தான் தெரிந்தது. அவள் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்ரனா கிடந்து ஆடுகிறது, மழை விட்டதும் பார்க்கலாம் என்றும் நினைத்தேன். அடிமட்டம் பையில் இருந்தது. எடுக்கவில்லை. பழைய ரிவிக்கு மூன்று என்று எழுதி, நிழல் என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம் மட்டும் போட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன். எப்படியும் நிறுத்தப் போகும் ஒளிபரப்புத்தானே என்ற எண்ணம். அதுதான் உண்மை, வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை செல்வராணி எனக்குப் போன் எடுத்தாள். குரல் அடங்கியிருந்தது.

"அக்கா, அது கிட்ட வருது."

"என்ன கிட்ட வருது?"

"நிழல். நாளுக்கு நாள் அந்தப் பெண்ணுக்குக் கிட்ட வருது. எனக்கு அந்த அறைக்குள்ளை இருக்க ஏலாமல் கிடக்கு."

கட்டடம் நகராது. தண்ணீர்த் தாங்கி நகராது. சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் குடையை எடுத்தார்.

பொலிகண்டியில் புகார் அன்று இன்னும் கனத்திருந்தது. வாசலில் நின்றால் அலை அடிக்கும் சத்தம் கேட்டது; அலையைக் காணவில்லை. சேர் செல்வராணியின் கதிரையில் இருந்தார். கண்ணை மூடினார். இரண்டு குரலும் மாறி மாறிப் பேசிக் கொண்டிருந்தன. கண்ணைத் திறந்து டிஜிற்றலைப் பார்த்தார். ஐந்து என்றார். பழையதைப் பார்த்தார். அடிமட்டத்தை வைத்தார்.

"நாலு சென்ரிமீற்றர்."

அரை மணித்தியாலம் கழித்து மறுபடி வைத்தார். நாலுக்கு ஒரு நூல் குறைவு.

நான் கூரைக்கு ஏறி அன்ரனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கீழேயிருந்து சேர் குரல் கொடுத்தார். நிழல் மங்கியது, கறுத்தது, மறுபடி மங்கியது. ஆகக் கறுத்த இடத்தில் நிறுத்தித் திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். வடக்கு, கொஞ்சம் கிழக்கே சாய்வு. அந்தத் திசையில் ஒரு வீடில்லை, ஒரு பனை இல்லை. வெள்ளைப் புகார் மட்டும். நாலு சென்ரிமீற்றர், எண்ணூறு மீற்றர். அங்கே பெரிய இரும்பு ஒன்று கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இறங்கி வந்தபோது யோகன் முற்றத்தில் எண்ணெய்க் கானை எடுத்து வைத்துக் கொண்டிருந்தான்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"தடை எடுத்தாச்சு அக்கா. ரெண்டு மணிக்கு எல்லாப் படகும் இறங்குது. ஒரு கிழமையாச் சும்மா இருந்தாச்சு."

படகுகள் வெளியே போக முருகைக் கற்பாறைக்கு நடுவே ஒரு வழிதான் உண்டு. அது எந்தப் பக்கம் என்று சேர் கேட்டார். யோகன் கையை நீட்டினான். வடக்கு, கொஞ்சம் கிழக்கே.

"தம்பி, அதிலை ஏதோ நிக்குது," என்றார் சேர்.

"ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை. ரிவியிலை தெரியுது."

யோகன் சிரித்தான். பிறகு செல்வராணியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அவன் மற்றப் படகுக்காரரிடம் போய் என்ன சொன்னானோ தெரியாது, ஒருவரும் இறக்கவில்லை. தன் படகை மட்டும் தள்ளினான். திசை தெரிந்தவள் நான் என்பதால் நானும் ஏறினேன். சேர் திரைக்கு முன்னால் போனோடு இருந்தார்.

"இப்ப மூண்டே முக்கால் சென்ரிமீற்றர்," என்று போனில் சொன்னார். "மெல்லப் போங்கோ."

கரை மறைந்தது. புகாருக்குள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளை. பாறை வழி தாண்டியதும் யோகன் எஞ்சினை நிறுத்தினான். தண்ணீர் படகில் தட்டும் சத்தம் மட்டும். அவன் எழுந்து நின்று, கையைக் குவித்து, "ஓய்!" என்று கூப்பிட்டான்.

முன்னாலிருந்து "ஓய்" என்று திரும்பி வந்தது.

யோகன் அப்படியே நின்றான். "கடலிலை குரல் திரும்பி வராது அக்கா," என்றான் மெதுவாக.

பிறகு அது தெரிந்தது. முதலில் ஒரு கறை. அதன்பின் சுவர். பார்ஜ் என்று சொல்லும் தட்டையான இரும்புக்கலம், ஒரு பக்கம் சரிந்து, தண்ணீரோடு சேர்ந்து மெல்ல மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக் கொண்டிருந்தது. விளக்கில்லை. ஆளில்லை. முன்பக்கம் இழுவைக் கயிறு அறுந்து தொங்கியது. பின்பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு அறை. அதன் கதவு ஒவ்வொரு அலைக்கும் திறந்து அடித்தது.

யோகன் ஏறிப் பார்த்தான். இறங்கி வந்து சொன்னான்: உடுப்புக் கொடியில் இரண்டு சேட்டு காயப் போட்டபடி இருக்கிறது. சட்டிக்குள் ஊறப்போட்ட அரிசி உப்பிப் போய்க் கிடக்கிறது. இரண்டு கோப்பை. சின்னப் படகு ஒன்று இறக்கிய கயிறுகள் தொங்குகின்றன. படகைக் காணவில்லை.

பதினொரு படகும் இரண்டு மணிக்கு முழு வேகத்தில் அந்த வழியால் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவன் சொல்லவில்லை.

துறைமுகத்துக்கு அறிவித்தோம். சின்னப் படகைப் பற்றியும் சொன்னோம். புகாரில் தேடுவது கஷ்டம் என்றார்கள், ஆனாலும் தேடினார்கள். சனிக்கிழமை விடிந்ததும் பார்ஜைக் கட்டி இழுத்துக் கொண்டு போனார்கள்.

நிழல் போய்விட்டதா என்று பார்த்துப் பதிவை முடிப்பதற்காக அன்று காலையே நானும் சேரும் மறுபடி போனோம். பழைய ரிவியில் செய்தி வாசிப்பவள் தனியாக இருந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான்கு போடப் பேனையைத் திறந்தேன்.

"இன்னும் ஒண்டு நிக்குது அக்கா," என்றாள் செல்வராணி.

"எங்கை?"

"தள்ளி. அந்த ஓரத்திலை. மெல்லிசா. முதல் நாளே சொன்னனான், மூண்டு பேர் எண்டு."

நான் பார்த்தேன். வெறும் புள்ளிகள். பக்கத்துத் திரையில் படம் மாசு மறுவில்லாமல் இருந்தது. சேர் கதிரையில் போய் இருந்தார். கால் மணித்தியாலம் அசையவில்லை. எனக்கு அவர் முதுகைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஓம்," என்றார் கடைசியில். "இருக்கு." அடிமட்டத்தை வைத்தார். "ஏழு."

ஆயிரத்து நானூறு மீற்றர். மறுபடி கூரைக்கு ஏறினேன். திசைகாட்டியை வைத்துத் திசையைக் குறித்தேன். இம்முறை யோகனோடு ஆறு படகுகள் போயின.

பதினொரு மணிக்கு முன் கொண்டு வந்தார்கள். அந்தச் சின்ன இரும்புப் படகுக்குள் ஒரு மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்தபடி இருந்தானாம். யோகன் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம். தோளைத் தொட்டபோதுதான் கண் அசைந்தது. எங்களுக்குத் தெரியாத மொழிக்காரன், முப்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை செல்வராணியின் வீட்டில் கிடத்தினோம். அவள் கரண்டியால் வாயை நனைத்தாள். அவன் இரண்டு விரலைக் காட்டினான். பிறகு ஒன்றை மடக்கினான்.

மூன்றாம் நாள் மொழி தெரிந்த ஒருவர் கிடைத்தார். நானும் சேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புயலில் கயிறு அறுந்திருக்கிறது. பார்ஜ் சரிந்ததைக் கண்டு தாழப் போகிறதென்று நினைத்து, திங்கட்கிழமை இரண்டு பேரும் சின்னப் படகில் இறங்கியிருக்கிறார்கள். நங்கூரம் போட்டு ஓரிடத்தில் நின்றிருக்கிறார்கள். ஒரு நேரம் புகார் விலகி, கரை விளக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. மற்றவன் நன்றாக நீந்தக் கூடியவன். ஆள் கூட்டி வருகிறேன் என்று குதித்தான். பிறகு புகார் மூடிவிட்டது.

"எண்டைக்கு?" என்று சேர் கேட்டார்.

மொழிபெயர்த்தவர் கேட்டுச் சொன்னார். "செவ்வாய்க்கிழமை பின்னேரம்."

திரும்பி வரும் வழியில் வான் வண்டிக்குள் நானும் சேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நல்லூர் தாண்டியபோது அவர் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை காலமை நீர் என்ன கண்டனீர்?"

"ஒரு நிழல், சேர்."

"அளந்தனீரோ?"

"இல்லை, சேர்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றும் ஏசவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அவர் எழுதிய அறிக்கையில் செவ்வாய்க்கிழமை அளவு என்ற இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தார். அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. மற்றவனின் உடல் எங்கேயும் ஒதுங்கவில்லை.

சோதனை முடிந்தபோது இருபது வீடுகளிலும் டிஜிற்றலுக்கு அதிக புள்ளி. முடிவு சரியானதுதான், நானும் கையெழுத்து வைத்தேன். ஒரு மாரிகாலத்தில் பழைய ஒளிபரப்பை நிறுத்தினோம். அதற்குள் குணநாயகம் சேர் காலமாகிவிட்டார். நானும் ஓய்வு பெற்றிருந்தேன்.

நிறுத்தி ஒரு மாதம் இருக்கும். காலையில் செல்வராணி போன் எடுத்தாள்.

"பெட்டியிலை படம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"அது நல்லாத்தான் இருக்கு அக்கா. பழைய ரிவியையும் நான் நிப்பாட்டேல்லை."

"அதிலை ஒண்டும் வராதே."

"ஓம், வெறும் புள்ளிதான். சத்தத்தை நிப்பாட்டிப் போட்டு விட்டிருக்கிறன். இண்டைக்குக் காலமை அதுக்குள்ளை ஆரோ தெரியுது அக்கா. ஓரத்திலை. மெல்லிசா."

நேராக வரும் அலையே இல்லாதபோது திரும்பி வரும் அலைக்கு வழியில்லை. கோபுரத்தில் அந்த இயந்திரத்தைக் கழற்றியே விட்டார்கள். இதை எத்தனையோ பேருக்கு நான் படிப்பித்திருக்கிறேன். அவளுக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தாளை இழுத்து நேரத்தை எழுதினேன்.

"நியூஸ் வாசிக்கிறவள் இருந்த இடத்திலையிருந்து எவ்வளவு எண்டு அளந்து சொல்லு."

அவள் அளந்து சொன்னாள். கணக்குப் பார்த்துத் தூரத்தைச் சொன்னேன். பின்னால் யோகனின் குரல் கேட்டது. பிறகு வாசல் படலைக் கதவு அடிபடும் சத்தம்.

மத்தியானம் அவனே போன் எடுத்தான். மூச்சு வாங்கிக் கொண்டிருந்தான்.

"தண்ணிதான் அக்கா. ரெண்டு மூண்டு தரம் சுத்தினன், வேறை ஒண்டும் இல்லை," என்றான். "நாளைக்கும் ஒருக்காப் போய்ப் பாக்கிறன்."